பழைய வெப்ளியா, புது டபுள் பேரலா?

கேள்வி: ஏற்காட்டுல 12 ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் இருக்கு சார். ரெண்டு வருஷம் அலைஞ்சு போன மாசம்தான் 12 போர் துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. பக்கத்து எஸ்டேட் பெரியவர், 78 வயசு, தன்னோட வெப்ளி அண்ட் ஸ்காட் டபுள் பேரல எனக்கே குடுத்துடறேங்கறார், 1,10,000 கேக்கறார். 1964ல அவங்க அப்பா வாங்கினதாம். கடைல கேட்டா புது இந்தியன் டபுள் பேரல் அதுல பாதி விலை கூட இல்ல. சீமைத் துப்பாக்கிய விட்டா மறுபடி கிடைக்காதுன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், அடுத்தவன் துப்பாக்கி ராசியில்லன்னு மச்சான் சொல்றார். போட்டோ நாலு அனுப்பியிருக்கேன். எது வாங்கலாம் சார்?

பதில்:

தம்பி, போட்டோவ பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன், அதனாலதான் பதில் எழுத நாலு நாள் ஆயிடுச்சு. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பணம் இன்னும் குடுக்கலையே? குடுக்கலன்னா நல்லது, குடுத்துட்டீங்கன்னா துப்பாக்கி அவர் வீட்டுலயே இருக்கட்டும், நீங்க எடுத்துட்டு வந்துடாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

ஃப்ரெண்ட் சொல்றதுல பாதி உண்மை. நம்ம நாட்டுல சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டுல இருந்து துப்பாக்கி இறக்குமதி பண்ற வழி 1980கள் நடுவுலயே அடைபட்டுப் போச்சு, இப்ப பெரிய போட்டில சுடற ஷூட்டர்களுக்குத்தான் அந்தச் சலுகை. அதனால வெப்ளி, கிரீனர் மாதிரி பேரெல்லாம் இங்க இருக்கிறதே சுத்திச் சுத்திக் கை மாறுது, புதுசா ஒண்ணும் வந்து சேர்றதில்ல. வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனியே 1979ல டபுள் பேரல் பண்றத நிறுத்திட்டாங்க. வேற ஊர்ல பழைய கார் மாதிரி வருஷா வருஷம் விலை இறங்கவேண்டிய சாமான் இங்க தங்கம் மாதிரி ஏறுது. அதுக்காக விக்கிறவர் கேக்கிற விலைக்கெல்லாம் அது ஒர்த்னு ஆயிடாது, விலை ஏறினது பேருக்கு, நீங்க சுடப்போறது பேரலால. நான் பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஆர்மரரா இருந்துட்டு வந்து லைசென்ஸ் கடை ஒண்ணுல 26 வருஷமா ரிப்பேர் வேலை பாக்கிறேன், அந்தப் பேருக்காகப் பணத்தைக் கொட்டிட்டு அப்பறம் என் மேஜைல வந்து துப்பாக்கிய வெச்சுட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டவங்கள எத்தனையோ பேர் பாத்திருக்கேன்.

சரி, உங்க போட்டோ. ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு.

மேல இருந்து எடுத்த படத்துல, துப்பாக்கிய மடக்கித் திறக்கிற டாப் லீவர் நடுக்கோட்டத் தாண்டி இடது பக்கம் போய் நிக்குது. துப்பாக்கி புதுசா இருக்கும்போது லீவர் நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கமா நிக்கிற மாதிரிதான் ஃபிட் பண்ணுவாங்க, உள்ள பூட்டு தேயத் தேய அது நடுவுக்கு வரும், அப்பறம் இடது பக்கம் போகும். உங்க பெரியவர் துப்பாக்கி நல்லா உழைச்சிருக்கு, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம், அத மட்டும் வெச்சு வேண்டாம்னு சொல்லமாட்டேன், இறுக்கிக் குடுக்கலாம்.

ரெண்டாவதுதான் எனக்குப் பிடிக்கல. 60 வருஷத் துப்பாக்கி, அதுவும் ஏற்காட்டு மூடுபனில இருந்தது, பேரல் கருநீலமா பளபளன்னு மினுங்குது, ஆனா பேரல் மேல இருக்கிற கம்பெனி எழுத்து ஓரமெல்லாம் மழுங்கி, சோப்புல செதுக்கின மாதிரி இருக்கு. யாரோ வெளிப்பக்கம் நல்லா பஃப் போட்டுத் துரு எடுத்து மறுபடி ப்ளூயிங், அதாவது அந்தக் கருநீலப் பூச்சு, பண்ணியிருக்காங்க. பெரியவர் பொய் சொல்றார்னு சொல்லல, அவங்க அப்பா காலத்துலயே பண்ணியிருக்கலாம். வெளில இவ்ளோ சுரண்டினவங்க உள்ளயும் சுரண்டியிருந்தா பேரல் சுவர்ல எவ்ளோ இரும்பு மிச்சம் இருக்குங்கிறதுதான் கேள்வி, அது போட்டோல தெரியாது, கண்ணாலயும் தெரியாது.

இதுல நான் பட்ட அடி ஒண்ணு இருக்கு. ஒரு இருபது வருஷம் இருக்கும், ஒரு கஸ்டமர் வெளியூர் கடை ஒண்ணுல வாங்கின இங்கிலீஷ் டபுள் பேரலக் கொண்டுவந்து பாக்கச் சொன்னார். குழாய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஒரு புள்ளி துரு இல்ல, ஏ ஒன் கண்டிஷன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆறு மாசம் கழிச்சு இடது பேரல்ல சேம்பருக்கு, அதாவது தோட்டா உக்கார்ற இடத்துக்கு, முன்னாடி ஒரு அடி தள்ளி கொட்டப்பாக்கு மாதிரி வீங்கி வந்துச்சு. அப்பறம்தான் அளந்து பாத்தேன், அந்த எடத்துல சுவர் 12 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு). துரு குழிய மறைக்க உள்ள ஹோன் கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி வித்திருக்காங்க, நான் அத கண்டிஷன்னு நெனச்சுட்டேன். அவர் இடது கை பேரலுக்குக் கீழ இருக்கிற முன்கட்டைலதான் இருந்துச்சு, விரல் தப்பினது கடவுள் புண்ணியம். அன்னைலேருந்து கேஜ் வெச்சு அளக்காம எந்தப் பழைய பேரலுக்கும் வாயத் திறக்கறதில்ல.

எப்படி அளக்கறதுன்னு சொல்றேன், நீங்களே பண்ணவேண்டாம், ஆனா பண்றவர் சரியா பண்றாரான்னு பாக்கத் தெரியணும். பேரலக் கழட்டி சேம்பர் பக்கம் கீழ தட்டையா இருக்கிற இடத்தப் பாருங்க, அங்க பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் முத்திரைங்க வரிசையா இருக்கும். 1813லேருந்து இருக்கிற இடம் அது, அங்க சாதாரணத் தோட்டாவ விட அதிக அழுத்தம் தர்ற தோட்டா போட்டுச் சுட்டுப் பாத்துத் தாங்கினாத்தான் முத்திரை அடிப்பாங்க. உங்க 1964 துப்பாக்கில ஒரு கிரீடம், அதுக்குக் கீழ பிஎன்பின்னு மூணு எழுத்து இருக்கணும், புகையில்லா வெடிமருந்துக்குத் தாங்கும்னு அர்த்தம். பக்கத்துல .729ன்னு ஒரு நம்பர் இருக்கும், அது குழாயோட உள்விட்டம், அங்குலக் கணக்குல. 12 போர்ங்கிற பேரே அதுலேருந்துதான், ஒரு பவுண்டு ஈயத்த 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை அந்தக் குழாய்க்குள்ள சரியா உக்காரும். இப்ப கேஜ விட்டு பின்பக்கத்துலேருந்து 9 அங்குலம் உள்ள அளக்கணும். முத்திரைல .729ன்னு இருந்து கேஜ் .733 காட்டினா நாலு தௌ தேஞ்சிருக்கு, பரவால்ல. 10 தௌக்கு மேல போனா இங்கிலாந்துச் சட்டப்படி அது ப்ரூஃப் போன துப்பாக்கி, அங்க அத விக்கவே கூடாது. இங்க யாரும் கேக்கமாட்டாங்க, அதான் நீங்க கேக்கணும். சுவர் கனமும் தனியா அளக்கச் சொல்லுங்க, குறைஞ்ச இடத்துல 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டர், இருந்தே ஆகணும். அதுக்குக் கீழன்னா நான் கைவெக்கமாட்டேன்.

அதே இடத்துல 2½ இல்லன்னா 2¾ன்னு அங்குலக் கணக்குல சேம்பர் நீளம் அடிச்சிருக்கும், கூடவே எவ்ளோ அழுத்தத்துக்குன்னு 3 டன் இல்லன்னா 3¼ டன்னு. இத விட்றாதீங்க. 2½ன்னா 65 எம்எம், 2¾ன்னா 70 எம்எம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, தோட்டாப் பெட்டில எழுதியிருக்கிற நீளம் சுட்டதுக்கப்பறம் வாய் விரிஞ்ச நிலைல இருக்கிற நீளம், சுடாத தோட்டா அத விடக் குட்டையா இருக்கும். அதனால 70 எம்எம் தோட்டா 65 எம்எம் சேம்பருக்குள்ள ஒரு தடையும் இல்லாம போய் உக்காரும், துப்பாக்கியும் மூடிக்கும், அடடா பொருந்துதேன்னு நெனப்பீங்க. சுடும்போது வாய் விரியறதுக்கு இடமில்லாம அழுத்தம் எகிறிடும். உள்ள போச்சுங்கிறதுக்காக அது அந்தத் துப்பாக்கித் தோட்டா ஆயிடாது, வாங்கும்போது பெட்டிய திருப்பிப் படிங்க.

மத்த சோதனையெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. முன்கட்டையக் கழட்டிட்டு பேரலப் பூட்டி, ஒரு கைல ஸ்டாக்கையும் (தோள்ல வெக்கிற பின்கட்டை) ஒரு கைல பேரலையும் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாக்கணும், டொக் டொக்னு ஆடினா தேய்மானம். பூட்டின நிலைல ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சா பேரலுக்கும், அது வந்து பூட்டிக்கிற ஆக்ஷன்ங்கிற இரும்பு பாகத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. பேரல மட்டும் கொக்கில நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் நகத்தால தட்டுங்க, கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிச்சா ரெண்டு பேரலையும் சேக்கிற ரிப் பட்டையோட சால்டரிங் கெட்டியா இருக்கு, ஓட்டப் பானைய தட்டின மாதிரி கேட்டா எங்கயோ விட்டிருக்கு. கை பிடிக்கிற கழுத்துல கட்டை விரிசல் விட்டிருக்கான்னு பாருங்க, பாலிஷ் போட்டு மறைச்சிருப்பாங்க, லேசா முறுக்கிப் பாத்தா கோடு திறக்கும். சேஃப்டி கேட்ச் போட்டு விசைய இழுத்துப் பாருங்க, ஆனா இதையெல்லாம் டம்மி தோட்டா போட்டுப் பண்ணணும், காலியா வெச்சு டிக் டிக்னு அடிச்சா தோட்டாவக் குத்தற பழைய ஃபயரிங் பின் முறிஞ்சுடும். முறிஞ்சா அந்த பின்னுக்கு ஸ்பேர் கிடையாது, என்ன மாதிரி ஒருத்தன் உக்காந்து அரம் போட்டு ராவித்தான் செய்யணும். ஸ்பிரிங், சுட்ட தோட்டாவ வெளில தள்ற எஜெக்டர் எல்லாத்துக்கும் அதே கதைதான், சீமைத் துப்பாக்கி வாங்கறவங்க இந்தச் செலவக் கணக்குல சேக்கறதே இல்ல.

லெதர் உறைல வெச்சிருந்தாரான்னும் கேளுங்க. உறைக்குள்ளயே வருஷக்கணக்கா வெச்சா தோல் ஈரத்த இழுத்து வெச்சுக்கும், உங்க ஊர் குளிருக்குக் கேக்கவே வேண்டாம். அப்பறம் தேர்தல் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க பாருங்க, 2019, 2021, 2024ன்னு வரிசையா வந்துச்சு, எண்ணெய் போடாம குடுத்திருந்தா சுவத்துல சாத்தி வெச்ச பக்கம் மட்டும் துரு குழி விழுந்திருக்கும், நான் பாத்த நிறைய துப்பாக்கில அந்த ஒரு பக்கத் தழும்பு இருக்கு.

இனி பேப்பர். பேரல் பத்தி கூட விட்டுக்குடுத்துப் பேசுவேன், இதுல மாட்டேன்.

ஒரு லைசென்ஸ்காரர் தன் துப்பாக்கிய இன்னொரு லைசென்ஸ்காரருக்கு நேரா விக்கலாம், 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல அதுக்கு இடம் இருக்கு. ஆனா விக்கப்போறேன், இன்னாருக்கு விக்கப்போறேன்னு உங்க பேர் விலாசத்தோட மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ அவர் எழுத்துல குடுக்கணும், குடுத்து 45 நாள் கழியணும், அப்பறம்தான் கைமாத்தணும். பக்கத்து எஸ்டேட்தானே, சும்மா ஒரு வாரம் வெச்சுப் பாருப்பான்னு பெரியவர் அன்பா குடுப்பார், வாங்கிட்டு வந்தீங்கன்னா அந்த ஒரு வாரமும் உங்க வீட்டுல இருக்கிறது லைசென்ஸ்ல ஏறாத துப்பாக்கி. உங்க லைசென்ஸ் போறது மட்டுமில்ல, கேஸ் ஆகும். பாக்கறதெல்லாம் அவர் வீட்டுல பாருங்க, இல்லன்னா அவரே தன் லைசென்ஸோட கடைக்கு எடுத்துட்டு வரட்டும்.

அவர் லைசென்ஸ் இன்னும் உயிரோட இருக்கான்னு மரியாதையா கேட்டுப் பாருங்க. வயசானவங்க ரினியூவல் விட்டுடுவாங்க. 1964ல வாங்கினது அவங்க அப்பாங்கறீங்க, அப்பாக்கிட்ட இருந்து இவர் பேருக்கு முறையா மாறிச்சா, இல்ல அப்பா போனதுக்கப்பறம் பீரோல அப்படியே இருந்துச்சாங்கிறது முக்கியம். ரெண்டாவதுன்னா அவர் மொதல்ல ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் கடைலயோ ஒப்படைச்சுட்டுத்தான் மேல எதுவும் பண்ணணும். துப்பாக்கி நம்பர் ஆக்ஷன், பேரல், முன்கட்டை மூணுலயும் ஒண்ணா இருக்கணும், லைசென்ஸ்ல எழுதினதோடயும் சேரணும். ஒரு தடவ 3ஐ 8ன்னு ஏதோ ஒரு க்ளார்க் எழுதி, அத நாலு ரினியூவல்ல அப்படியே காப்பி அடிச்சு, விக்கும்போது மாட்டிக்கிட்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும், திருத்தறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. உங்களுத பஃப் வேற போட்டிருக்காங்க, நம்பர் தெளிவா படிக்க முடியுதான்னு பாருங்க, நம்பர் அழிஞ்ச துப்பாக்கி கைல இருந்தா அழிச்சதே நீங்கதான்னு 8ஆம் பிரிவுப்படி எடுத்துப்பாங்க, இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.

2019ல சட்டத்தத் திருத்தி ஒருத்தருக்கு மூணுன்னு இருந்தத ரெண்டாக்கினாங்க. மூணு வெச்சிருந்தவங்க ஒண்ண ஒப்படைக்கவேண்டி வந்துச்சு. அப்ப கைமாறினதுல நல்ல துப்பாக்கிய வீட்டுல வெச்சுக்கிட்டு வீணாப்போனத வித்தவங்கதான் அதிகம், மனுஷ புத்தி அப்படித்தானே. நடுவுல ஒரு புரோக்கர் இப்படி ஒண்ணு இருக்குன்னு வந்தார்னா ஜாக்கிரதை. உங்க பெரியவர் அந்த வகை இல்லன்னு தோணுது.

புதுசு பத்தி. ஜம்முவுலயும் பீகார் முங்கேர்லயும் லைசென்ஸ் ஃபாக்டரிங்க பண்ற டபுள் பேரல்தான் கடைல பெரும்பாலும் காட்டுவாங்க, முங்கேர்ல மீர் காசிம் நவாப் காலத்துலேருந்து அந்தத் தொழில் இருக்கு. ஃபினிஷிங் எதிர்பாக்காதீங்க, அரம் போட்ட தடம் அப்படியே இருக்கும், விசை கல்லு மாதிரி இருக்கும், மொத நூறு தடவ திறக்கிறதுக்கு முழங்கால் வெச்சு மடக்கணும். ஆனா குழாய்ல முழு இரும்பு இருக்கு, நம்பர் தெளிவா இருக்கு, பில் இருக்கு, உங்க பேர்தான் மொத பேர். புதுசுன்னு கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க, கடைல மூணு எடுத்துப் போடச் சொல்லுங்க, மேல சொன்ன வெளிச்சம், ஆட்டம், மணி மூணையும் மூணுலயும் பாருங்க, ஒரே பேட்ச்ல வந்த மூணும் மூணு விதமா இருக்கும். ப்ரூஃப் முத்திரை ரெண்டு பேரல்லயும் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. நம்ம திருச்சி ஃபாக்டரி பம்ப் ஆக்ஷனும் 12 போர்தான், ஆனா உங்க லைசென்ஸ்ல எந்த வகைன்னு எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் அதப் பத்தி யோசிக்கணும்.

லெட்டர் கடைசில வாட்ச்மேன் ராத்திரி ரவுண்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. கூடாது. லைசென்ஸ்ல ரீடெய்னர்னு அவர் பேர் ஏறியிருந்தாத்தான் அவர் தொடலாம். காட்டுப்பன்னி வந்தாலும் லைசென்ஸ் இருக்குன்னு நீங்க சுட முடியாது, அது வனத்துறை வேலை, வெடிச் சத்தத்துக்கு மேல நீங்க போகக்கூடாது. இத ஏன் இங்க சொல்றேன்னா, வருஷத்துக்கு ரெண்டு பெட்டித் தோட்டா கூட நீங்க சுடப்போறதில்ல, மிச்ச நாளெல்லாம் அது பூட்டின பீரோலதான் இருக்கப்போகுது. அந்த உபயோகத்துக்கு ரெண்டு துப்பாக்கியுமே ஜாஸ்திதான், அதனால விலைய நிதானமா பேசுங்க.

என் கணக்கு இது. பெரியவர்கிட்ட பேசி ரெண்டு அளவும் எடுக்க சம்மதம் வாங்குங்க. போர் 10 தௌக்குள்ள, சுவர் 20 தௌக்குக் குறையாம, பேப்பர் சுத்தமா இருந்துச்சுன்னா, லீவர் இறுக்கற செலவையும் ரீப்ளூ பண்ணதையும் காட்டி 80,000 வரைக்கும் இறக்கிப் பேசி வாங்கிடுங்க, நானா இருந்தா வாங்குவேன், தோள்ல வெச்சா அந்த பேலன்ஸ் புதுசுல வராது. அளக்கவே விடமாட்டேன்னு சொன்னார்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு கடைக்குப் போய் புதுசு எடுங்க. அளவு ஒண்ணு தப்பினாலும் அதேதான், விலை பாதியாக் குறைச்சாலும் வேண்டாம்.

மச்சானுக்கு மட்டும் என்ன சொல்றதுன்னு தெரியல. ஆயுத பூஜைக்கு என் மேஜைல சந்தனம் வாங்கற துப்பாக்கில முக்காவாசி மூணாவது, நாலாவது கைதான். வேணும்னா கைக்கு வந்த அன்னைக்கு அவரையே ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடச் சொல்லுங்க, ஆனா அந்த 45 நாள் முடிஞ்சப்பறம்.